ரிவர்ஸ் பாட்டுக்கு வந்த புலி

தங்கைக்கு அவர் தர வேண்டியது நாற்பத்திரண்டாயிரம். ஒன்பது வருடக் கடன். வட்டியை அவளும் கேட்டதில்லை, அசலை அவரும் கொடுத்ததில்லை.

அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டித்தான் அவர் வண்டி எடுத்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினான்கு வயதில் இறைச்சிச் சந்தையில் எலும்பு பொறுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, தீவன ஆலை வரைக்கும் செருப்பில்லாமல் தள்ளிக்கொண்டு போனவர். யாரும் தூக்கிவிடவில்லை, யார் காலையும் அவர் பிடிக்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் சொந்தமாக ஒரு குட்டி லாரி. சந்தைக்குள் அதை ஓட்டிக்கொண்டு நுழைந்த அன்று கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

வண்டிக்கு அவர் ஒரு பாட்டு மாட்டினார். ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், பின்பக்கத்திலிருந்து பொம்மைக் கடையில் கேட்பது போல ஒன்று கிளம்பும்: டிங் டிங், டிடிங் டிங். மற்ற வண்டிகளெல்லாம் வெறுமனே கீ கீ என்று கத்தும்போது அவருடையது மட்டும் பாடியது. அதனால் சந்தையில் அவருக்குப் பேர் பாட்டுக்காரர். ரிவர்ஸ் எடுப்பதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒன்பது வருடத்தில் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது என்பதால் சொல்வது.

வண்டியை நிறுத்துவது தங்கை வீட்டு முற்றத்தில். அவர் வீட்டுச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒன்று இறங்க வேண்டும். தங்கை வீடு ஊரின் கடைசி வீடு. முற்றம், ஓரத்தில் பதினோரு ஆடுகளுக்கு ஒரு கொட்டகை, அதையடுத்து ஓடை, நாணல், அப்பால் மலை. புருஷன் போன பிறகு ஆட்டுப் பால் விற்றுத்தான் அவள் பிழைத்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் உள்ளே விடும்போது, அவள் பின்னால் நின்று வண்டியின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே, "வரட்டும்... வரட்டும்... போதும்!" என்பாள். அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் மலையில் மறுபடியும் புலி விடப்போகிறோம் என்று வன அலுவலகம் அறிவித்தது.

அந்த மலையில் கடைசிப் புலி சுடப்பட்டு எழுபது வருடமாகிறது. கேட்டவன் எல்லாம் வாயைப் பிளந்தான். கூட்டம் போட்டார்கள், படம் காட்டினார்கள். புலி இல்லாததால் மான் பெருகி, மான் பெருகியதால் காடு மொட்டையாகி, ஓடை வற்றிக்கொண்டு வருகிறது என்று மிருக டாக்டரம்மா விளக்கினார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், குரல் உயராது. "புலி மனுஷங்களைத் தேடி வராதுங்க. மனுஷ வாடைன்னாலே விலகிப் போயிடும். அப்படியேதான் அதை வளர்க்கப் போறோம்" என்றார்.

மலையடிவாரத்தில் ஓர் அடைப்பு கட்டினார்கள். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆள் உயரத்தைப் போல நான்கு மடங்கு வேலி, உள்ளே இருக்கும் புலிக்கு வெளியே ஆள் தெரியாதபடி சுற்றிலும் பச்சைத் துணி. எங்கிருந்தோ ஒரு பெண் புலியையும் ஓர் ஆண் புலியையும் கொண்டுவந்து தனித்தனி அறையில் விட்டார்கள். இடம் பழகும் வரை ஐந்து மாதம் அங்கேயே சாப்பாடு. தோல் உரிக்காத முழு ஆடு, தினமும். அந்த ஒப்பந்தம் யாருக்குக் கிடைத்தது? பட்டணத்திலிருந்து மூன்று பேர் மனுப் போட்டும், மூன்றாம் வகுப்புப் படித்தவருக்குத்தான் கிடைத்தது.

கையெழுத்துப் போட்ட கையோடு தங்கையிடம் போய்ச் சொன்னார். "கடைசி பில் நாற்பத்தஞ்சாயிரம். வந்ததும் முதல் வேலையா உன் கையில எண்ணி வைக்கிறேன்."

"புலி கொடுத்தாத்தான் எனக்குக் காசா?" என்றாள் அவள். "சரி, நல்லாச் சாப்பிடச் சொல்லு அதை."

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. டாக்டரம்மாவே அதை மூன்று தடவை வாயால் சொன்னார். "ஐயா, வண்டியைப் பாறை வளைவுல நிறுத்திடணும். இன்ஜினை ஆஃப் பண்ணிடணும். அங்கேருந்து முந்நூறு அடி, கைவண்டியில வச்சுத் தள்ளிட்டு வரணும். பேசக்கூடாது. வேலிக்குள்ள சறுக்கி விழுற சரிவுத் தகரத்துல போட்டுட்டுப் போயிடணும். மனுஷங்கதான் சாப்பாடு கொண்டுவர்றாங்கன்னு அதுக்குத் தெரியவே கூடாது."

"தெரியாதும்மா. நான் வந்துபோறது எனக்கே தெரியாது" என்றார் அவர்.

ஒன்பது நாள் அப்படியே செய்தார். பத்தாம் நாள் முழங்கால் வலி. முந்நூறு அடி மேடு, ஒரு ஆடு முப்பது கிலோ, இரண்டு ஆடு. மதிய நேரம், காவல்காரன் சாப்பிடப் போயிருந்தான். கைவண்டி தள்ளுகிற பிழைப்பை விட்டு ஒன்பது வருடமாகிறது, இனி ஒரு புலிக்காக அதைத் தொட வேண்டுமா என்று அவருக்குள் ஒரு ரோஷம். வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, நேராகச் சரிவுத் தகரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே தள்ளு, வேலை முடிந்தது.

டிங் டிங், டிடிங் டிங்.

அடுத்த நாளும் காவல்காரன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நான்கரை மாதம்.

பெண் புலியை முதலில் திறந்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு பட்டை, அது எங்கே போனாலும் டாக்டரம்மாவின் கணினியில் புள்ளி விழும். முதல் பதினைந்து நாள் புள்ளியெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். ஊர் மூச்சுவிட்டது. கறிக்கடைக்காரர், "என்ன பாட்டுக்காரரே, உங்க வாடிக்கை கைவிட்டுப் போச்சே" என்று கேலி செய்தார். "என் கையால தின்ன உடம்புய்யா, எங்க போனாலும் என் பேரைக் காப்பாத்தும்" என்றார் இவர்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம். வழக்கம் போல முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தார். தங்கை ஒரு கையில் தண்ணீர் வாளியோடு, மறு கையால் பலகையைத் தட்டி, "வரட்டும்... வரட்டும்..." என்றவள் "போதும்" சொல்லவில்லை. வண்டி சுவரில் இடித்து நின்றது. ஒன்பது வருடத்தில் முதல் கீறல்.

"ஏய், என்ன தூங்கிட்டியா?" என்று கத்திக்கொண்டே இறங்கினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதினோரு ஆடும் வாயை மூடிக்கொண்டிருந்தன. ஒரு மணிச்சத்தம் இல்லை.

ஓடைக்கு இந்தப் பக்கம், இருபதடியில், அது உட்கார்ந்திருந்தது. பாயவும் இல்லை, உறுமவும் இல்லை. கடை திறக்கக் காத்திருக்கும் வாடிக்கையாளர் மாதிரி முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளும் பச்சைத் துணிக்கு இந்தப் பக்கமே நின்றவர், அது இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். தலை மட்டும் ஒரு தண்ணீர்க் குடம் இருக்கும்.

தங்கைதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டிக்குள் தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். இடது பக்கக் கதவுக்குக் கண்ணாடி கிடையாது, உடைந்து இரண்டு வருடமாகிறது. அந்த ஓட்டை வழியாக இருவரும் பார்த்தார்கள். அது எழுந்து வண்டியைச் சுற்றி வந்தது. பின்பலகையை முகர்ந்தது. மறுபடி உட்கார்ந்தது. கால் மணி நேரம். பிறகு அலுத்துப்போனது போல எழுந்து, கொட்டகைத் தட்டியை ஒரே அறையில் பிய்த்து, ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளாட்டைக் கழுத்தில் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போயிற்று.

வாளித் தண்ணீர் அவள் சேலை முழுக்கக் கொட்டியிருந்தது. அதைப் பிழிந்துகொண்டே அவள் கேட்டாள். "அண்ணே, அது ஏன் ஆட்டைப் பார்க்காம வண்டியையே பார்த்துச்சு?"

அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தலையில் சம்மட்டியால் அடித்தாற்போல, நான்கரை மாதமும் ஒரே அடியில் விளங்கிவிட்டது.

"எனக்கென்ன தெரியும்? புலிகிட்டப் போய்க் கேளு" என்றார்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்து காலடித் தடத்தை அளந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நாலு நாளாவே புள்ளி இந்தப் பக்கம் வந்துட்டிருக்கு. அதுவும் சாயங்காலம் மட்டும். எனக்குப் புரியவே இல்லை. இன்னொரு தடவை வீட்டு வாசலுக்கு வந்தா, சுட்டுடணும்னு மேலிடத்து உத்தரவு. யாராவது அதைக் கூப்பிட்டீங்களா? சாப்பாடு ஏதாவது காட்டினீங்களா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கிழிந்த தட்டியைப் பார்த்தார். கடைசி பில் இன்னும் அலுவலக மேசையில் இருந்தது. வாயைத் திறந்தால் நாற்பத்தைந்தாயிரம் போச்சு, பேரும் போச்சு. அவர் சாயங்காலம் வண்டியைச் சந்தையிலேயே பூட்டிவிட்டு அன்றைக்கு நடந்து வீட்டுக்குப் போனார். பாட்டு கேட்காவிட்டால் அது வராது, அதோடு தானாக மறந்துவிடும் என்பது அவர் கணக்கு.

சரியாக ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணே." தங்கை குசுகுசுவென்று பேசினாள். "வந்துடுச்சு. முற்றத்துல, நீ வண்டி விடுற இடத்துல உட்கார்ந்திருக்கு. ஆடெல்லாம் வீட்டுக்குள்ள என்கூடத்தான் இருக்கு. கதவுல ஒரு தாழ்ப்பாள்தான்ணே, அதுவும் ஆடுது."

அவர் எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. முழங்கால் வலியும் அன்றைக்கு எங்கேயோ போயிருந்தது. தெருமுனையில் பாதி ஊர் கூடியிருந்தது. இரண்டு துப்பாக்கிக்காரர்கள் மதில் மேல் ஏறிக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்திருந்த புலிக்கு நேர் பின்னால் தங்கை வீட்டு வாசல், பலகைக் கதவு. டாக்டரம்மா கையை விரித்து அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். "சுட்டா குண்டு கதவுக்குள்ள போகும். மயக்க ஊசி போட்டா விழ பத்து நிமிஷம் ஆகும், அதுக்குள்ள மிரண்டு எந்தப் பக்கம் பாயும்னு தெரியாது. கொஞ்சம் இருங்க!"

"இன்னும் எவ்வளவு நேரம்மா இருக்கிறது?" என்றான் மதில் மேலிருந்தவன்.

பாட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். சந்தையே அங்கே திரண்டு நின்றது. கறிக்கடைக்காரர் நின்றார், தீவன ஆலைக் கணக்கர் நின்றார்.

"டாக்டரம்மா, அது ஆட்டுக்கு வரலை. என் வண்டிக்கு வந்திருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"கைவண்டி தள்ளலைம்மா. நாலரை மாசமா ரிவர்ஸ் எடுத்துத்தான் போட்டேன். பாட்டு கேட்டா சாப்பாடுன்னு அதுக்குப் பழகிடுச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மூணு தடவை சொன்னேனே ஐயா" என்றார், அவ்வளவுதான். பின்னால் யாரோ, "அடப்பாவி, ஊருக்கே எமனைக் கூப்பிட்டுப் பாடியிருக்கானே" என்றது காதில் விழுந்தது.

டாக்டரம்மா புலியைப் பார்த்தார். பிறகு திரும்பினார். "அந்தப் பாட்டுக்கு அது வரும்னா, அடைப்பு வரைக்கும் வருமா?"

வரும். ஆனால் பாட்டு ரிவர்ஸில் மட்டும்தான் பாடும். இரண்டு கிலோமீட்டரும் பின்னாலேயே ஓட்ட வேண்டும்.

அவர் சந்தையிலிருந்து வண்டியை எடுத்துவந்தார். கறிக்கடைக்காரர் முழு ஆடு ஒன்றைக் கொண்டுவந்து வண்டியில் போட்டார். அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை. பாட்டுக்காரர் வண்டியை முன்பக்கமாகவே தங்கை வீட்டுச் சந்துக்குள் விட்டு, முற்றத்தின் வாயில், புலிக்கு எதிரே முகத்தைக் காட்டி நிறுத்தினார். ரிவர்ஸ் கியரில் கை வைத்தார். பின்கண்ணாடியில் சந்து ஒரு நூல் போலத் தெரிந்தது. அப்போதுதான் அந்த வேர்வையிலும் அவருக்கு ஒன்று புரிந்தது. அடைப்புக்குப் போன நேரான வெட்டவெளியை விட்டால், ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் பின்கண்ணாடியைப் பார்த்து ஓட்டியதே இல்லை. "வரட்டும், வரட்டும்" என்ற குரலைக் கேட்டே ஓட்டியிருக்கிறார்.

வீட்டின் பக்கவாட்டு ஜன்னல் அந்தச் சந்துப் பக்கம் இருந்தது. அதற்குக் கம்பி இல்லை. அதன் வழியாகத் தங்கை தொப்பென்று குதித்தாள். வண்டியின் பின்பக்கம் ஏறினாள்.

"நீ எதுக்கு? இறங்குடி! வேண்டாம்!"

"வாயை மூடிட்டு ஓட்டு. என் கடனை அடைக்காம உன்னைச் சாகவிட முடியாது" என்று அவள் முதுகைக் காட்டி, செத்த ஆட்டின் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். "வரட்டும்!"

டிங் டிங், டிடிங் டிங்.

அது காதை நிமிர்த்தியது. எழுந்தது. நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார், சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வருவதில்லை. வண்டி பின்னால் போகிறது. முன்கண்ணாடிக்கு எதிரே, பத்தடியில், புலி முன்னால் வருகிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறது. முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணி கட்டிய ஒருவர் பாதித் தலையோடு உறைந்து நிற்கிறார். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. இன்ஜின் சூடேறி வாடை வருகிறது. கண்ணாடி இல்லாத கதவு வழியாக அதன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது.

"இடது, இடது! உன் இடது இல்லை, என் இடது!"

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"நான் பின்னால பார்த்து நிக்கிறேன், எருமை! தட்டுற பக்கம் திருப்பு!"

அவள் பலகையைத் தட்டினாள். தட்டிய பக்கம் அவர் திருப்பினார். பாலத்தில் ஒரு சக்கரம் விளிம்பில் ஏறி இறங்கியது. புலி அங்கே ஒரு தடவை நின்று, ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தது. அவர் வண்டியை நிறுத்தி, மறுபடி கியரைப் போட்டார். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அது கொட்டாவி விட்டுவிட்டு நடந்தது.

பாறை வளைவு வந்தது. அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டிய இடம். அதைத் தாண்டிச் சரிவுத் தகரத்தடியில் போய் நின்றார். அடைப்பின் பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் மறைந்திருந்தார்கள். அதன்பிறகு அது செய்ததைப் பார்த்து டாக்டரம்மாவே வாயில் கையை வைத்துக்கொண்டாராம். வண்டிப் பக்கம் அது வரவில்லை. தானாகவே சுற்றிப் போய், திறந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, சரிவுத் தகரத்தின் உள்வாய்க்கு நேராக, ஐந்து மாதம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. காடு முழுக்கத் திறந்து கிடக்க, தானே வந்து கூண்டில் உட்கார்ந்த புலி. தங்கை ஆட்டைத் தள்ளினாள். கதவு விழுந்தது.

அவர் வண்டியை விட்டு இறங்கினார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை எங்கேயாவது தூரத்துக் காட்டுக்கு அனுப்பணும்" என்றார் டாக்டரம்மா. "அங்கேயும் உடனே விட முடியாது. மறந்துடுச்சான்னு பார்க்கணும்."

"எத்தனை நாள்ல மறக்கும்மா?"

"தெரியலை." பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "ஆண் புலியும் பக்கத்து அறையில அதே பாட்டைத்தான் கேட்டுட்டிருந்திருக்கு. அதை ஒரு வருஷத்துக்கு விட முடியாது. பாட்டைக் கழட்டினா போதாது ஐயா, இந்த வண்டிச் சத்தமே இனி இந்த மலையைச் சுற்றிக் கேட்கக்கூடாது."

கடைசி பில்லின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டார்கள். நான்காம் நாள் துறைமுகப் பட்டணத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். "பின்னால கீறல் இருக்கே" என்று குறைத்துக் கேட்டான். "அது ஒண்ணுதான்" என்றார் இவர். தள்ளுவண்டி ஒன்றுக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை மேலே வந்தவருக்கு வழி தெரியும்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். முற்றத்தில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்து, நீட்டினாள். கம்பியைப் பிடித்த காயம் உள்ளங்கையில் இன்னும் ஆறவில்லை. அதன் மேல் ஐந்நூறு தாளாக ஒவ்வொன்றாக வைத்தார். எண்பத்து நான்கு.

அவள் கையை மடக்கவில்லை. "ஆடு?"

இன்னும் பதினைந்து வைத்தார்.

கை அப்படியே விரிந்திருந்தது. "இன்னும் என்னடி?"

"ஒன்பது வருஷம் பின்னால நின்னு கத்தினேனே, அதுக்கு?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மடியை அவிழ்த்து, நூறாவது தாளை எடுத்து, அந்த விரிந்த கையில் வைத்தார்.